ஏழாம் நம்பர் அட்டெண்டர்

செக்கப்புக்குக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஆட்டோ நகராமல் நின்றபோதும் கஸ்தூரிரங்கன் டிரைவரோடு உற்சாகமாக அரட்டை அடித்துக்கொண்டிருந்தார். ஆறு வாரத்துக்கு முன்னால் வாயில் குழாயோடு ஐசியுவின் ஏழாம் நம்பர் படுக்கையில் கிடந்த மனிதர் இவர்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எமனையே ஜெயித்தவர் என்று சொந்தபந்தம் கொண்டாடித் தீர்த்தது. அந்த இருபத்து மூன்று நாளும் ஐசியு வாசலில் நாற்காலியே கதியென்று கிடந்த மனைவி ரமாவை, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் நாதியில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நாக்குக்கு உப்பு உறைப்பதில்லை. படுத்தால் மானிட்டரின் கீச்சொலி கேட்கிறது. மகள் ஸ்ம்ருதி எதிரே நின்று பேசினாலும் அடுத்த வீட்டில் யாரோ பேசுவது போலிருக்கிறது. வீட்டுக்குத் திரும்பியது முழு ஆள்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

கணவரை டாக்டர் அறை வாசலில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனவளைக் கால்கள் தாமாகவே இரண்டாவது மாடிக்குக் கொண்டுபோயின. பினாயில், அழுக்குப் போர்வை, ஆறிப்போன இட்லி. நாற்றம் மாறவே இல்லை.

காத்திருப்பு ஹால் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த மாப் நழுவியது.

"இன்னாம்மா, நீங்க இங்க கீறீங்க? அப்போ உள்ள இருக்கறது யாரு?"

மூன்றாவது வரிசை. ஏசிக்கு நேர் கீழே.

ரமாவின் நாற்காலியில் ரமாவே உட்கார்ந்திருந்தாள்.

மடியில் பை. கசங்கிப்போன மஞ்சள் புடவை. கண்கள் ஐசியு கதவை விட்டு அசையவில்லை.

வாசலில் நின்ற ரமா உள்ளே நடந்தாள். பக்கத்தில் போய், அவர் பிழைத்துவிட்டார், வா போகலாம் என்று கெஞ்சினாள். தோளைத் தொட்டாள்.

ஐஸ் கட்டி.

"ஏழாம் நம்பர் அட்டெண்டர்" என்று உள்ளேயிருந்து நர்ஸ் நோயாளியின் துணையாளைக் கூப்பிட்டாள்.

அது எழுந்து நின்றது. வேறு ஒரு பெண் அதை ஊடுருவிக்கொண்டு ஓடி மருந்துச் சீட்டை வாங்கினாள். அது மறுபடி உட்கார்ந்தது.

பதினோரு வருஷமாக அந்த ஹாலைத் துடைக்கிற கன்னியம்மா, டிஸ்சார்ஜ் அன்று லிஃப்டில் ஏறும்போது 'போயிட்டு வரேன்' என்று சொன்னீர்களே, ஆஸ்பத்திரியில் யாராவது அப்படிச் சொல்வார்களா என்று கடிந்துகொண்டாள். மற்றவர்களுக்கெல்லாம் இதே புத்தியைச் சொன்னவள்தான் ரமா. அன்றைக்குப் பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"வூட்டுக்காரர இட்டாந்து கூப்புட சொல்லுங்க," என்று கன்னியம்மா கிசுகிசுத்தாள். "யாருக்காவ ஒக்காந்துச்சோ அவங்க கூப்ட்டாதான் எந்திரிக்கும்."

ரமா விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினாள். ரிப்போர்ட் நன்றாக வந்த சந்தோஷத்தில் இருந்தார் கஸ்தூரிரங்கன்.

"ஏன்னா, ஒரே நிமிஷம். மேல அந்த ஹாலுக்கு வந்து, 'ரமா, வா'ன்னு ஒரு தடவை கூப்பிடுங்கோ."

"எதுக்கு?"

"எனக்காக."

"அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன். உனக்கென்ன, நன்னாத்தானே இருக்கே? படுத்துண்டு கிடந்தது நான்."

சொல்லிவிட்டு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஆட்டோவைக் கூப்பிட முடிந்தது. ரமாவுக்கு அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் எரிந்தது.

வீட்டில் ரசம் நீர்த்துப்போயிருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டு, சோபாவில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். மணி இரண்டு. வெயில் ஜன்னலில் காய்ந்தது.

போன் அடித்தது. அந்த ஹாலின் நம்பர். அந்த இருபத்து மூன்று நாளும் குளிக்கவோ சாப்பிடவோ எழுந்துபோனால் அவளைத் திரும்ப ஓடிவரவைத்த அதே நம்பர்.

எடுத்தாள்.

ஏசியின் இரைச்சல். யாரோ தூரத்தில் இருமினார்கள்.

பிறகு அவளுடைய சொந்தக் குரல், களைத்துப்போய், மெல்லக் கேட்டது:

"அவர் கண் முழிச்சுட்டாரா?"

ரமா சோபாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னும் இல்லை," என்றாள்.