முட்டைக்குள் ஒரு போல்ட்

ரஞ்சிதா செய்த படத்தில், அவள் பெயர் இருந்த மூலையை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். அதோடு விட்டிருந்தால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். படத்தின் மேலே சிவப்பு எழுத்தில், "எக்ஸ்ரேயில் தெரிந்தது. முட்டைக்குள் இரும்பு. பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்" என்று வேறு சேர்த்திருந்தார்கள்.

அம்மாவின் செல்போனில் அதைப் பார்த்ததும் ரஞ்சிதாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அது எக்ஸ்ரேயே இல்லை. ஏழாம் வகுப்புக் கண்காட்சிக்காக, தன் சொந்த அக்காவின் மடிக்கணினியில் அவள் செய்தது. பிளெண்டர் என்றொரு மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதில் ஒரு முட்டையை உருவாக்கி, அதன் மேல் ஓட்டைக் கண்ணாடிபோல ஆக்கினாள். எக்ஸ்ரே எளிதாகப் புகுந்துபோகும் இடம் கறுப்பாகவும், தடுக்கப்படும் இடம் வெள்ளையாகவும் தெரியும். அதைக் காட்டத்தான் உள்ளே ஒரு இரும்பு போல்ட்டை வைத்தாள். மூன்று நாள் வேலை!

நாமக்கல்லில் முட்டையைப் பற்றி ஒரு பொய் கிளம்பினால் சும்மா இருக்குமா? மறுநாள் சத்துணவில் நாலைந்து பிள்ளைகள் முட்டையை ஒதுக்கி வைத்தார்கள். தெருமுனையில் ஆம்லெட்டும் அரைவேக்காட்டு முட்டைக் கலக்கியும் போடும் வசந்தாமணி அக்காவின் தள்ளுவண்டி முன்னால் ஒருவரும் இல்லை. தோசைக்கல் காய்ந்து கிடந்தது.

"போல்ட் இல்லாத முட்டை இருக்குதான்னு ரெண்டு பேரு கேட்டுட்டுப் போறாங்க சாமி" என்றார் அக்கா. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

ரஞ்சிதாவுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அம்மாவுக்கு அந்தப் படத்தை அனுப்பியவர் பக்கத்து வீட்டு ஜீவானந்தம் மாமா. லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்பவர். அவரிடம் போய்ச் சண்டை போடலாம் என்று கிளம்பியவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். 'பொய்' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள்.

மடிக்கணினியைத் திறந்தாள். அதே முட்டை. போல்ட்டை வெளியே எடுத்தாள். அந்த இடத்தில் பத்துச் சக்கர லாரி ஒன்றை நிறுத்தினாள். திரையில் செய்வதை எல்லாம் அப்படியே வீடியோவாகவும் பதிவு செய்தாள். கீழே எழுதினாள்: "போல்ட்டை நம்பியவர்கள் லாரியையும் நம்புங்கள். இரண்டையும் முட்டைக்குள் வைத்தது நான்தான்."

பிறகுதான் மாமாவிடம் போனாள். அவர் வீடியோவைப் பார்த்துச் சிரித்தார். முதல் படத்தை அனுப்பிய குழுக்களுக்கெல்லாம் இதையும் அனுப்பச் சொன்னதும் சிரிப்பு நின்றது. யாரோ அனுப்பியதைத் தானும் அனுப்பியதாகச் சொல்லித் தலையைச் சொறிந்தார். இப்போது மாற்றிச் சொன்னால் எல்லாரும் கேலி செய்வார்களாம்.

"தினமும் அந்த அக்கா கடையிலதானுங்க மாமா சாப்பிடறீங்க? அனுப்பறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்டுவிட்டு ரஞ்சிதா அங்கேயே நின்றாள்.

மாமா செல்போனை எடுத்து ஒவ்வொரு குழுவாக அனுப்பத் தொடங்கினார். மொத்தம் பதினொன்று. கடைசியில், "தப்பு என்னோடது" என்று தன் குரலிலேயே பேசியும் அனுப்பினார்.

பொழுது சாய்வதற்குள் தள்ளுவண்டியைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அக்கா ஒவ்வொரு முட்டையையும் உடைக்கும்போது, "பார்த்துங்க, லாரி வரப்போவுது" என்றார் ஒருவர். வசந்தாமணி அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜீவானந்தம் மாமா எல்லார் முன்னாலும் இரண்டு ஆம்லெட் சாப்பிட்டார். ரஞ்சிதாவுக்கு அக்கா ஒரு கலக்கி போட்டுக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டு முடித்தும் அவளுக்குக் கொஞ்சம் கோபம் மிச்சம் இருந்தது.

அதனால் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.