நாலாவது பாட்டில் ஒரு டிங்!

செல்போன் அலறியது.

பிரீத்திகா எடுத்தாள்.

கரகரத்த குரல். “நாலாவது பாட்டு வெளிய வந்துச்சுன்னா... உங்கம்மா ஆஸ்பத்திரியை விட்டு வெளிய வரமாட்டா!”

கட்!

திருத்தங்கல். அச்சகத்து மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை. ‘நமுத்த வெடி’ ராக் குழுவின் முதல் ஆல்பம் ஆறு மணிக்கு இணையத்தில் வெளியாகிறது.

இப்போது மணி ஐந்து!

“யாரு பிரீத்தி?” கிடாரைக் கீழே வைத்தான் ஜெரின்.

சொன்னாள். டிரம்ஸ் வாசிக்கும் ஜெய்லானி குச்சிகளைக் கீழே போட்டான்.

நாலாவது பாட்டு... பிரீத்திகாவின் அம்மா கருப்பம்மாளுக்கான பாட்டு. மூன்று வாரம் முன்பு, அவள் வேலை பார்த்த பட்டாசு ஆலையில் பெண்கள் வெடிமருந்து இடிக்கும் தாளத்தை, சுவருக்கு வெளியே நின்று ஜெரின் பதிவு செய்தான். அரை மணி நேரத்தில் அந்த ஷெட் வெடித்தது. கருப்பம்மாள் செல்போனோடு உள்ளே போனதால்தான் விபத்து என்று போர்மேன் சாட்சி சொல்லிவிட்டார். தீக்காயத்தோடு கிடப்பவளின் கட்டிலருகே இப்போது போலீஸ் காவல்!

பிரீத்திகா இன்ஸ்பெக்டர் சொர்ணலட்சுமிக்குப் போன் போட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது.

போனை அப்படியே மேஜையில் வைத்தாள்.

வந்தவர் பொன்ராஜ். ஜெரினின் சித்தப்பா. அதே போர்மேன்!

“ஏலே ஜெரின், நீ அனுப்புன பாட்டெல்லாம் கேட்டேன். நாலாவதை மட்டும் தூக்கிரு.” அதே கரகரத்த குரல்!

“ஏன் சித்தப்பா?”

“காதுல கேக்க முடியலலே. ஊடால ஊடால டிங்கு டிங்குன்னு... இரும்புக் கம்பிச் சத்தம்!”

பிரீத்திகா நிமிர்ந்தாள்.

“மருந்து ஷெட்டுல இரும்பா அண்ணாச்சி? பொறி பறந்துரும்னு ஒரு ஊக்கு கூட உள்ள விடமாட்டீகளே?”

பொன்ராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“சீசன் ஆர்டர் தாயி... மரக்கட்டை உடைஞ்சு போச்சு. கையில கெடைச்ச கம்பியை எடுத்து நாந்தான் குடுத்தேன்...”

“அப்ப எங்கம்மா கையில செல்போன்?”

“இல்ல... நாந்தான் மாத்திச் சொன்னேன்!”

சொன்ன வேகத்தில் பாய்ந்தார். லேப்டாப்பைத் தூக்கித் தரையில் அடித்தார்!

“எங்க இப்ப சாட்சி? சத்தமே போச்சுல்ல!”

ஜெய்லானி மெல்ல எழுந்தான். தொங்கிக்கொண்டிருந்த முக்கோணக் கம்பியைத் தட்டினான்.

டிங்!

“இதுவா அண்ணாச்சி?”

பொன்ராஜ் அந்தக் கம்பியையும் உடைந்த லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஷெட்டுச் சத்தத்துல இரும்பே இல்ல. பாட்டு சப்புன்னு இருக்கேன்னு நேத்து நான் இங்கன உக்காந்து தட்டுனது. ஆல்பத்தை மத்தியானமே ஏத்தியாச்சு... நீங்க உடைச்சது வெறும் பொட்டி!”

பிரீத்திகா அழுதாள். மூன்று வாரத்துக்குப் பிறகு, நிம்மதியாக.

மேஜை மேலிருந்த போன் தொண்டையைச் செருமியது.

“எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு. ஜீப் கிளம்பிருச்சு.” இன்ஸ்பெக்டர் சொர்ணலட்சுமி! “ஏம்ப்பா ஜெய்லானி... ஒரு தட்டுக்கே ஒரு ஆளு உண்மையைக் கக்கிட்டாரே! முழு ஆல்பத்தையும் ஸ்டேஷனுக்கு அனுப்பி வை. லாக்கப்புல நாலு பேரு வாயே திறக்க மாட்டேங்கிறானுக!”