சைரன் ஏன் அலறவில்லை?

அலற வேண்டிய சைரன் அலறவில்லை!

காலை பத்து இருபது. காரா-பெல் கணவாயில் பனி சரிந்து சாலையை மூடியது. அங்கே வண்டியால் பனி தள்ளிக்கொண்டிருந்தவர் சாதிர்.

வாக்கி-டாக்கியில் அவர் குரல் இல்லை... மீட்பு ஆட்கள் மண்வெட்டியோடு ஏறிவிட்டார்கள்.

கண்காணிப்பு அறைக்குள் புயலாக நுழைந்தான் மெலிஸ். கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பாளன். திரை முன் காவலில் இருந்தவள் புருல்.

"புருல்! சைரனை என்ன செஞ்சே?"

"நான் தொடலை, பைகே. பனி அசையுதுன்னு திரையில சிவப்பு வந்துச்சு. சத்தம்தான் வரலை." அவனை 'பைகே', அதாவது அண்ணா, என்றுதான் அழைப்பாள்.

"லினக்ஸ்ல பாட்டு சாஃப்ட்வேர் ஏத்தினவ நீதானே? அதான் கெடுத்திருக்கு!"

"அது முந்தாநாளே காணோமே... யாரு எடுத்தா?"

மெலிஸ் அவசரமாகப் பேச்சை மாற்றினான்.

"அதை விடு! சிவப்பு வந்தப்ப உன் நாற்காலி காலியாமே?"

"வெளியே ஓடினேன், அங்க..."

"காவலை விட்டுட்டு ஓட்டமா? இன்னியோட உன் வேலை போச்சு!"

புருல் அழவில்லை. கீபோர்டை இழுத்தாள்.

"யாரு எதை எப்ப நீக்கினாலும் கம்ப்யூட்டர் எழுதி வைக்கும். நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

"இப்ப எதுக்கு அதெல்லாம்..."

திரையில் வரிகள் ஓடின.

செவ்வாய், பகல் 1:05. பாட்டு மென்பொருள் நீக்கம்.

1:06. 'இனி எதற்கும் தேவையில்லை' என்று கம்ப்யூட்டர் காட்டிய பதினேழு துணை மென்பொருள் பேக்கேஜ்கள் நீக்கம். பதினோராவது... ஒலி பேக்கேஜ்!

ஆணையிட்டவர்: மெலிஸ்.

செவ்வாய்க்கிழமை... தட்டில் லக்மான் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. பட்டியலைப் படிக்காமலே 'சரி' என்று தட்டியிருந்தான். சைரன் அவன் கைப்பட எழுதிய புரோகிராம். அதற்கு ஒலி வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு அவன் சொல்லி வைத்ததே இல்லை!

"முதல்ல ஒத்திகை ஓட்டியிருந்தா பட்டியல் மட்டும் வந்திருக்கும், பைகே. ஒண்ணும் போயிருக்காது."

மெலிஸால் அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. பழியை யார் தலையில் கட்டப் பார்த்தான்!

"சாதிரை... நான் கொன்னுட்டேன்!"

கதவு படீரென்று திறந்தது.

மீசையெல்லாம் பனியாக... சாதிர்!

"யாருய்யா கொன்னது? வண்டியும் வாக்கி-டாக்கியும்தான் பனிக்குள்ள. இந்தப் பொண்ணு கீழே லாரி ஹார்னை விடாம அமுக்கினா பாரு... இறங்கி சுரங்கப் பாதைக்குள்ள ஓடிட்டேன்!"

"அதுக்குத்தான் வெளியே ஓடினியா, புருல்?"

"சொல்லத்தானே வந்தேன். எங்க விட்டீங்க?"

மெலிஸ் ஒலி பேக்கேஜைத் திரும்ப ஏற்றினான். 'நீக்கக் கூடாது' என்று குறித்தான். சைரன் அலறியது. அவன் காதுகள் சிவந்தது அந்தச் சத்தத்தால் அல்ல.

"என்னை மன்னிச்சிடு, புருல்..."

சாதிர் மீசையைத் தட்டிவிட்டார்.

"அடுத்த தடவை சுத்தம் பண்றப்ப அந்த லாரி பக்கம் போயிடாதேப்பா... ஹார்னும் தேவையில்லைன்னு கழட்டிடுவே!"