நிறைவி இல்லாத முகம்

தூத்துக்குடியில் இப்போதெல்லாம் அழைப்புக்கு முன் யாரும் தலை வாருவதில்லை. அந்த வேலையை நிறைவி பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இணையக் கம்பி நுழைகிற இடத்தில் பதித்திருக்கும் சின்னப் பெட்டி அது. படத்தை அனுப்பாது, உதடு எப்படி அசைந்தது, புருவம் எங்கே ஏறியது என்று குறிப்பு மட்டும் அனுப்பும். பெட்டியைப் பதிவு செய்த நாளில் எடுத்த முகத்தையும் குரலையும் வைத்து, மறுமுனை நிறைவி மீதியை நிரப்பிக்கொள்ளும். தடத்தில் நெரிசல் குறையட்டும் என்று வந்த ஏற்பாடுதான். சனம் அதைக் கொண்டாடியது வேறு காரணத்துக்காக. தூங்கி வழிந்தபடி உட்கார்ந்தாலும் எதிரே இருப்பவருக்குக் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய மாதிரி தெரியும். இருமினால் இரைச்சல் என்று கழித்துவிடும்.

ஜெசிந்தாவுக்கு ஒரு வருடமாக அந்தப் பெட்டிதான் காவல். புற்றுநோய்க்கு மருந்து ஏற ஏற முடி போனது, புருவம் போனது, உடம்பு பாதியானது, குரலும் கம்மிப்போனது. ஐரோப்பாவில், வடகடல் காற்றாலையில் வேலை பார்க்கும் கணவன் லியோனுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் ஒப்பந்தத்தைப் பாதியில் உதறிவிட்டு ஓடி வருவான். வேலை போனால் காப்பீடும் போகும், மருந்தும் நிற்கும். அதனால் தினமும் காலையில் அவன் திரையில் அடர்ந்த கூந்தலோடு சிரித்தாள். பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் பயமே இல்லை. அவளுக்கும் சேர்த்து நிறைவி சொல்லிக்கொண்டிருந்தது.

வினை அங்கேதான் முளைத்தது. லியோன் வேலை பார்க்கும் மேடையில் காற்றாலையின் இறக்கை முறிந்து சிலருக்கு அடிபட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் அவன் எப்போதும்போல மலர்ந்த முகத்தோடு, "எனக்கு ஒண்ணுமில்லட்டி" என்றான். ஜெசிந்தாவால் அதை நம்ப முடியவில்லை. தான் செய்வதை அவனும் செய்யமாட்டான் என்று என்ன நிச்சயம்?

"அண்ணன் பொய் சொல்லுதாகன்னா நெனைக்கிய மதினி?" என்றாள் லியோனின் தங்கை பெனிட்டா. சிகிச்சை தொடங்கியதிலிருந்து ஜெசிந்தாவுக்குத் துணையாகக் கூடவே இருப்பவள்.

"நான் சொல்லலையா? அவுக நெச முகத்த ஒரு தடவ பாத்தாப் போதும்ட்டி எனக்கு."

பரணில் பழைய ரூட்டர் ஒன்று கிடந்தது, நிறைவி வருவதற்கு முந்தைய காலத்துச் சாமான். நிறைவிக்கு ஒரு குணம் உண்டு. எதிர்முனையிலும் ஒரு நிறைவி இருந்தால்தான் அதன் சாமர்த்தியமெல்லாம். இல்லையென்றால் கையை விரித்துவிட்டு உள்ளதை உள்ளபடி அனுப்பி, உள்ளபடி வாங்கும். உப்பு ஆலைகளில் இன்னும் ஓடும் பழைய இயந்திரங்களுக்காக அந்த வெற்றுத்தடத்தை மூடாமல் வைத்திருந்தார்கள்.

பெனிட்டா சுவரிலிருந்து நிறைவியைக் கழற்றி, வெளிக்கம்பியை ரூட்டரில் செருகினாள். ஜெசிந்தா வீட்டுக் கணினியிலிருந்து இன்னொரு கம்பியை இழுத்து வந்தாள். ரூட்டர் யாருக்கும் நினைவில்லாத பழைய கடவுச்சொல்லைக் கேட்டது. அதை அழிக்க, ஜெசிந்தா ரூட்டரின் முதுகிலிருந்த சிறு துளைக்குள் ஊக்கின் முனையை விட்டு அழுத்திப் பிடித்தாள். விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாக எரிந்தன. ஒன்று மட்டும் சிவப்பாகவே அடம்பிடித்தது.

"ஏட்டி, கம்பிய இன்னுங் கொஞ்சம் அமுக்கு."

"அமுக்கித்தான் பிடிச்சிருக்கேன். கைய எடுத்தா போயிருது."

"அப்ப எடுக்காத. மேசைக்கு அடியிலேயே உக்காந்துரு."

விளக்கு பச்சையானது. ஜெசிந்தா அழைத்தாள்.

திரையில் கட்டம் கட்டமாக ஒரு முகம் கூடி வந்தது. மழிக்காத தாடி. குளிரில் வெடித்த உதடு. கன்னம்கூடக் கொஞ்சம் சதை போட்டிருந்தது. இரண்டு கைகளும் இருந்தன. ஒன்றில் சூடான தேநீர்க் கோப்பை. ஒரு கீறல் இல்லை. மனுசன் சொன்னதெல்லாம் உண்மை! ஜெசிந்தாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

லியோன் அசையவில்லை. கோப்பை உதட்டருகே அப்படியே நின்றது.

"படம் நின்னுபோச்சு. கம்பிய ஆட்டாதட்டி!"

"ஆட்டவேயில்ல மதினி. வெளக்கு பச்சையாத்தான் எரியுது."

கோப்பையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. படம் நிற்கவில்லை, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஜெசிந்தாவின் கை தன் மொட்டைத் தலைக்குப் போனது. அவனைப் பார்க்கிற அவசரத்தில், அவனும் பார்ப்பானே என்பது அவளுக்கும் பெனிட்டாவுக்கும் உறைக்கவேயில்லை. எப்படி இருக்கிறாளோ அப்படியே வந்து உட்கார்ந்து பழகிவிட்டது.

"அம்மா, நீங்க யாரு?" என்றான் லியோன், மரியாதையாக. "ஜெசிந்தா வீட்ல இல்லையா?"

"நாந்தாங்க." கூடவே இருமல் வந்தது. இத்தனை நாளும் அவன் கேட்டிராத இருமல்.

அவன் முகம் இறுகியது. வெற்றுத்தடத்தில் வரும் முகத்தை நம்பாதீர்கள், மோசடிக்காரர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள் என்று ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்த காலம்.

"எம் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா? நேத்துக்கூடப் பாத்தேன், நல்லாத்தான் இருந்தா. நீங்க எங்க வீட்டுக்குள்ள என்ன பண்ணுதீய? அவ எங்க?"

மேசைக்கு அடியிலிருந்து பெனிட்டா கிசுகிசுத்தாள். "மதினி, கம்பிய உருவிரட்டுமா? பெட்டிய மாட்டிட்டுப் பேசுங்க, அண்ணன் நம்பிருவாக. யாரோ இடையில வந்துட்டாகன்னு சொல்லிரலாம்."

நம்பிவிடுவான்தான். இனி எந்தக் காலத்திலும் பெட்டி காட்டுகிற முகத்தைத்தான் நம்புவான். அதை நினைத்தபோது ஜெசிந்தாவுக்கு நோய் தெரிந்த நாளைவிடப் பயமாக இருந்தது.

"உருவாத" என்றாள். லியோனின் விரல் அழைப்பைத் துண்டிக்க நீண்டது. அவள் நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"வச்சிராதீய. நேத்து நீங்க பாத்ததுதான் நான் இல்ல."