பெயிண்ட் பிடிக்காத இடம்

பச்சை பெயிண்ட் எஞ்சின் முழுவதும் வழுவழுவென்று படிந்திருந்தது. மேல்மூடியில் ஓரிடத்தில் மட்டும் விலகி, வெறும் இரும்பைக் காட்டியது. பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகத்துப் பழைய படகு எஞ்சின்களையெல்லாம் கழுவிப் புதுசாக்கித் தருபவளே அவள்தான். டீசலில் கழுவி, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, சோப்புத் தண்ணீர், தின்னர், பிரைமர் என்று எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

மறுபடி சுரண்டிப் பூசினாள். இந்த முறை விலகிய இடத்துக்கு விரல்கள் இருந்தன. மோதிர விரல் பாதிதான்.

அப்பாவின் மோதிர விரலை பெல்ட் தின்றது இந்த எஞ்சினில்தான். அதற்குப் பிறகும், ஓடுகிற எஞ்சினின் மூடிமேல், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல, உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பதை அவர் விடவில்லை. போன வருடம் படகு மட்டும் கரை ஒதுங்கியது. அதே படகில் இதே எஞ்சினைப் பூட்டிக் கடலுக்குப் போகத் தம்பி துடித்துக்கொண்டிருந்தான்.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்க்கா. இன்னொரு கோட்டு அடி, மறைஞ்சிடும்.”

சரியென்றாள். எஞ்சின் ஈரமாக இருக்கும்வரை தம்பி கரையில் இருப்பான் என்பது அவள் கணக்கு. அவன் தூங்கியதும் காய்ந்த பூச்சைத் தானே சுரண்டிவிட்டு, விடிந்ததும் மழை ஈரத்தில் காயவில்லை என்று புதிதாகப் பூசினாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும், நாலு நாள் வருமானம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அன்று பிற்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் மழை இரைய, காற்று கதவை உலுக்க, தின்னர் வாடைக்கும் டீசல் வாடைக்கும் அடியிலிருந்து, முதல் நாளே கழுவிப் போயிருக்க வேண்டிய உப்புச் சேற்றின் வாடை மெல்லக் கிளம்பி அவள் தொண்டைவரை வந்தது. தம்பி வலை பிரிக்கப் போயிருப்பான் என்று நினைத்தபடி மூடியைத் தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. டீசல் டேங்கே பூட்டாத எஞ்சின்.

பக்கத்துப் படகுக்காரரின் மனைவி நனைந்துகொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“உன் தம்பி எங்க வீட்டுக்காரரோட காலையிலயே கடலுக்குப் போனானே, சொல்லலையா? பெயிண்ட் காயுற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க முடியாதுன்னு ஏறிட்டான். இன்னும் ரெண்டு பேரும் திரும்பல.”

சொல்லிவிட்டுக் கரையைப் பார்க்க ஓடினாள். இவள் எஞ்சின் பக்கம் திரும்பினாள். காயவிடாமல் வைத்திருந்தவள் இவள்தான்.

மூடிமேல் பெயிண்ட் விலகிக்கொண்டிருந்தது. அப்பாவின் கைக்குப் பக்கத்தில். புது இடம். ஒரு விரல். இரண்டு. கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் தம்பிக்குக் கதவிடுக்கில் நசுங்கிய விரல்.

அதன்மேல் பூசினாள். வழிந்தது. பூசினாள். வழிந்தது. விரல்கள் விரிந்தன. அடியிலிருந்து எதையோ தள்ளின. உள்ளங்கையில் தண்ணீர் கசிந்தது.

அப்போது அப்பாவின் கை நகர்ந்தது. ஈரப் பச்சையை ஒதுக்கிக்கொண்டு, சூடு பார்க்க வருவதுபோல மெதுவாக வந்து, தம்பியின் கைமேல் படிந்தது. அழுத்தியது. வளைந்த கட்டைவிரல் துடித்து அடங்கும்வரை அது விலகவில்லை.