அன்னிக்காவின் கட்டில்

பிறேமா ஜேர்மனியின் ஹம் நகரத்தில் வந்து இறங்கியபோது பின்னேரம்தான். ஆனால் ஜனவரி வானம் அதற்குள் இருண்டுவிட்டது. தம்பி யூட்சனின் சோலாரியத்தைக் காலி பண்ண உதவிக்கு வந்திருந்தாள். விளக்குக் கட்டிலில் படுத்து வெள்ளைத் தோலைப் பழுப்பாக்கிக்கொள்கிற கடை அது. அவனும் அவனுடைய ஜேர்மன் மனைவி அன்னிக்காவும் சேர்ந்து நடத்தினார்கள். போன வைகாசியில் அன்னிக்கா தோல் புற்றுநோயில் இறந்துபோனாள்.

பள்ளிக்கூடக் காலத்திலேயே அவளுக்கு அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. மாரிக் குளிர் முழுக்கச் சோர்ந்து கிடப்பவள், கட்டிலில் படுத்து எழும்பினால் முகம் மலர்ந்துவிடுவாள். சொந்தக் கடை வந்த பிறகு கேட்கவா வேண்டும்? கெண்டைக்காலில் ஒரு மச்சம் கறுத்துப் பரவியபோதும், கோடை முடியட்டும் என்று டொக்டரைப் பார்க்க நாள் குறித்து எடுத்த டெர்மினைத் தள்ளிப்போட்டாள். கோடை முடிந்தபோது நோய் ஈரல்வரைக்கும் போயிருந்தது.

கதவைத் திறந்த யூட்சனைப் பார்த்துப் பிறேமா திடுக்கிட்டாள். மெலிந்திருந்தான். மூக்கிலும் நெற்றியிலும் தோல் உரிந்து தொங்கியது.

"என்னடா முகமெல்லாம் இப்பிடி?"

"ஒண்டுமில்லை அக்கா. உள்ளுக்கு வாங்கோ."

அறைகள் வெறுமையாகக் கிடந்தன. கட்டில்களை ஏற்கெனவே விற்றுவிட்டான். கடைசி அறை மட்டும் சாத்தியிருந்தது. அதன் கதவுக்குக் கீழே ஊதா வெளிச்சம் கசிந்தது. உள்ளே காற்றாடி இரைந்தது. தேங்காய் வாசமுள்ள கிறீமின் மணம். அதற்கு அடியில், மயிர் பொசுங்கினாற்போல இன்னொரு நாற்றம்.

"ஆரடா உள்ளுக்கு?"

யூட்சன் சாமான் பெட்டியை நாடாவால் ஒட்டிக்கொண்டே சொன்னான். "அன்னிக்கா."

பிறேமா அந்தக் கதவையே பார்த்தாள்.

"பொழுது மங்கினா வந்திடுவா. அவ எழும்பின பிறகு நான் போய்ப் படுப்பன். அவவின்ரை சூடு அப்பிடியே இருக்கும் அக்கா."

அவன் குனிந்தபோது பின்கழுத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. கோணல் ஓரம். கன்னங்கறுப்பு.

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. போய்க் கதவைத் தள்ளினாள்.

கட்டிலின் மூடி இறங்கியிருந்தது. இடுக்கால் வெளிச்சம் வழிந்தது. மின்வயர் சுவரில் இல்லை. கழற்றப்பட்டு நிலத்தில் கிடந்தது.

மூடிக்குள் யாரோ புரண்டு படுத்தார்கள்.

"அன்னிக்கா," பிறேமா மூடிக்குப் பக்கத்தில் குனிந்தாள். "அவனைக் கூட்டிக்கொண்டு போயிடாதையம்மா. எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

காற்றாடி நின்றது.

"குளிருது, பிறேமா அக்கா."

அன்னிக்காவுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் ஒன்று அது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இதையேதான் சொல்லிக்கொண்டு கிடந்தாள். பயம் போன இடம் தெரியாமல் பிறேமாவுக்குக் கண்ணீர் பெருகியது. தன் குளிர்கோட்டைக் கழற்றி, பிள்ளைக்குப் போர்த்துவதுபோல மூடியின்மேல் விரித்தாள்.

வெளிச்சம் மெல்ல மெல்ல வடிந்து அணைந்தது.

வாசலில் நின்ற யூட்சன் நிலத்தில் குந்தி, குரலெடுத்து அழுதான். செத்தவீட்டில்கூட அவன் அப்படி அழவில்லை.

மறுநாள் காலையிலேயே அவனைத் தோல் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கறுத்த தோலுக்கும் இது வரும், நல்லவேளை ஆரம்பத்திலேயே வந்தீர்கள் என்று சொல்லி அந்த டொக்டரம்மா புள்ளியை வெட்டியெடுத்தார். கட்டிலைப் பழைய இரும்புக்காரன் உடைத்து ஏற்றிக்கொண்டு போனான். யூட்சன் அக்காவின் ஊரான கெல்சென்கிர்ச்சனுக்கே குடிவந்தான். மெதுவாகச் சாப்பிடவும் சிரிக்கவும் தொடங்கினான்.

அடுத்த மாரியில், அன்னிக்காவின் பிறந்தநாளுக்கு இருவரும் கல்லறைக்குப் போனார்கள். இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. கல்லறைகள், மரங்கள், சிலுவைகள் எல்லாம் ஒரே வெள்ளை.

அன்னிக்காவின் கல்லறையில், ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும் பனி இல்லை. அங்கே புல் கருகிக் கிடந்தது.

யூட்சன் முழங்காலிட்டு உள்ளங்கையை வைத்தான். பிறேமாவும் வைத்துப் பார்த்தாள்.

மண் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழும்பிப் போன படுக்கையைப்போல.