கம்ஷூ சங்கம்

இதனால் ஜெகதாப்பட்டினம் பொதுமக்கள் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஆறாம் வகுப்பில் ஒரு துப்பறியும் சங்கம் உதயமாகிவிட்டது. பெயர், கம்ஷூ சங்கம். தலைவர், கோபிநாத். உறுப்பினர்கள், கலைமதி, பாலாஜி.

“துப்பறியிறவங்களுக்கு அமெரிக்காவுல அந்தக் காலத்துப் பட்டப்பேரு இது” என்றான் கோபிநாத்.

“கம்முன்னா பசைதானே?” என்றாள் கலைமதி.

“அங்க ரப்பருக்கும் அதுதான் பேரு. ரப்பர் அடி வச்ச ஷூ போட்டு, சத்தமில்லாம பின்னாடியே போவாங்க. நீ செருப்பு. தள்ளியே வா.”

முதல் வழக்கு, பாலாஜியின் வாட்ச். காணவில்லை. காலையிலேயே சங்கத்தார் மூவரும் அதே வகுப்பு அருள்மணியின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டார்கள். வாட்ச் இல்லை.

“அவன் ஏன் எடுக்கணும்?” என்றாள் கலைமதி.

“அவங்கப்பா ஜெயில்லதானே இருக்காரு.”

“கடல்ல எல்லை தாண்டிட்டாருன்னு படகோட புடிச்சுட்டுப் போனாங்க. அது திருட்டா?”

“ஜெயில்னா ஜெயில்தான்.”

சாயங்காலம் அருள்மணியைப் பின்தொடர்ந்து அவன் வீடு வரை சத்தமில்லாமல் போனார்கள். வாசலில் அவன் அம்மா பார்த்துவிட்டதால், ஷூவையும் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டியதாயிற்று. அமெரிக்காவில் எப்படியோ, இங்கே யாரும் ஷூவோடு வீட்டுக்குள் போவதில்லை. வெறுங்காலில் கலைமதிக்கும் சத்தம் வரவில்லை.

“வாங்கப்பா, ஒக்காருங்க” என்றார் அருள்மணியின் அம்மா. “இவனைத் தேடி யாருமே வந்ததில்ல.”

அருள்மணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லோருக்கும் தேநீர் வந்தது.

கோபிநாத் ஒரு தகரப்பெட்டியைக் காட்டினான். “அதுல என்ன இருக்கு?”

அம்மா திறந்தே காட்டினார். “அவங்கப்பா சட்டை. வந்ததும் போட்டுக்கட்டும்னு தொவச்சு வச்சிருக்கேன்.”

கோபிநாத் எட்டிப் பார்த்தான். சட்டைதான் இருந்தது.

கலைமதி பாலாஜியின் காதில் கேட்டாள்: “கடைசியா எங்க கழட்டுன?”

“குளிக்கிறப்ப.”

“அங்க தேடுனியா?”

தேடவில்லை. அதுவரை யாரும் அவனிடம் கேட்கவுமில்லை. சங்கத்துக்குத் திருடன் முதலிலேயே கிடைத்துவிட்டானே.

கலைமதி எழுந்தாள். “சும்மா பாக்கத்தான் வந்தோம் அத்தை. போயிட்டு வாரோம்.”

“அடிக்கடி வாங்கப்பா. இவனுக்குச் சேக்காளியே இல்ல.”

வாட்ச் பாலாஜி வீட்டுக் குழாயடியில் கிடந்தது.

மறுநாள் வகுப்பில், வழக்கை முடித்தது கம்ஷூ சங்கமே என்று கோபிநாத் அறிவித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். யாரும் அருள்மணியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் கலைமதி மட்டும் அவன் வீட்டுக்குப் போனாள். அவன் கதவைத் திறக்கவில்லை.